பரணில் கிடக்கும் ஆகாயக் கப்பல்!

பழைய விஞ்ஞான டெலிவிஷன் தொடர்கள் வீட்டுக்குள் வந்த கதை

பல வீடுகளின் பரணில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கும். நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். எடையும் அதிகம் இல்லை. அதன் முதுகில் ஒட்டிய சீட்டில், மங்கிய மையில் யாரோ எதையோ எழுதியிருப்பார்கள்.

அதுதான் வீடியோ கேசட்!

அதைத் திறந்தால் உள்ளே கறுப்பு நாடா சுற்றியிருக்கும். அகலம் அரை அங்குலம். மூன்று மணி நேரம் ஓடும் கேசட்டில் உள்ள நாடாவை நீட்டினால், சுமார் 250 மீட்டர் நீளம் வரும். அந்த நாடாவுக்குள் கலியாணம் இருக்கலாம். காதுகுத்து இருக்கலாம். சினிமா இருக்கலாம். சில நாடாக்களுக்குள் ஓர் ஆகாயக் கப்பலே இருக்கிறது!

ஆம்! ஒரு காலத்தில் டெலிவிஷனில் வந்த விஞ்ஞானக் கதைகள், இப்படிப்பட்ட நாடாக்களில்தான் உயிர் பிழைத்தன. உயிர் பிழைக்காமல் போனவையும் உண்டு. அந்தக் கதை, டெலிவிஷனில் வந்த கதையைவிடச் சுவையானது.

மலை உச்சியில் இருந்து வந்த படம்

திருச்சியில் இருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். ஆடும் கோழியும் விற்க, வாங்க, நாலாபுறமும் இருந்து மக்கள் வருவார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு டெலிவிஷன் வந்தது சற்றுத் தாமதமாகத்தான். சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதியே டெலிவிஷன் நிலையம் தொடங்கிவிட்டது. ஆனால் சென்னைப் படம் திண்டுக்கல் வரை எட்டவில்லை.

ஏன்?

டெலிவிஷன் அலை வெளிச்சத்தைப் போன்றது. ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை. ஆகவே தொலைவில் இருக்கும் ஊர்கள் அலைக்குக் கீழே மறைந்துவிடும். கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் படம் தெரியும்.

அதற்குத் தோதான இடம் கொடைக்கானல். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரம்! 1980-களின் பிற்பகுதியில் அங்கே இருந்து ஒளிபரப்பு தொடங்கியது. தென் மாவட்டங்களின் சமவெளி எங்கும் டெலிவிஷன் பரவியது.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். கூரை மேல் நீண்ட குழாய். குழாயின் உச்சியில் ஆன்டெனா. மொட்டை மாடியில் மகன். வீட்டுக்குள் தகப்பனார்.

"அப்பா, இப்போ தெரியுதா?"

"இல்லைடா! இன்னும் கொஞ்சம் மேற்கே திருப்பு!"

"இப்போ?"

"நில்லு, நில்லு! அப்படியே விடு!"

காற்று பலமாக அடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். படம் போய் புள்ளி மழை பெய்யும். மறுபடியும் மகன் மாடிக்கு ஏற வேண்டியதுதான்!

இப்படிப் பாடுபட்டுப் பார்த்ததால்தான், அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் மனதில் ஒட்டிக்கொண்டன போலும்.

விண்வெளியில் ஒரு கப்பல்

விஞ்ஞான டெலிவிஷன் தொடர்களில் உலகப் புகழ் பெற்றது 'ஸ்டார் டிரெக்'. அமெரிக்காவில் 1966-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி தொடங்கியது. கதையை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 1980-களில் இந்தியாவில் தூரதர்ஷனும் இதை ஒளிபரப்பியது.

கதை நடப்பது 23-ம் நூற்றாண்டில். 'எண்டர்பிரைஸ்' என்பது கப்பலின் பெயர். சுமார் 430 பேர் அதில் பயணம் செய்கிறார்கள். புதிய உலகங்களைத் தேடிப் போவதே அவர்கள் வேலை. கப்பலின் தலைவர் கிர்க். அவருக்குத் துணை ஸ்பாக். கூர்மையான காதுகள், உணர்ச்சியை வெளியே காட்டாத முகம். அவர் பாதி மனிதர், பாதி வேற்றுக் கிரகத்தவர்!

ஆகாயக் கப்பல் கதை என்றால், அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வீரர்கள் மட்டுமே வருவார்கள். இந்தக் கப்பலிலோ ஜப்பானிய வம்சத்தவர் ஒருவர் ஓட்டுநர். கறுப்பினப் பெண் ஒருவர் அதிகாரி. அந்தப் பெண் வேடத்தில் நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். ஒரு கட்டத்தில் அவர் தொடரை விட்டு விலக நினைத்தார். "விலகாதீர்கள்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்! இதைப் பின்னாளில் நிக்கல்ஸே சொன்னார். அவரும் விலகாமல் இருந்துவிட்டார்.

உப்புக் குப்பியே வைத்தியக் கருவி!

இன்று அந்தத் தொடரை மறுபடி பார்க்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. பாறைகள் அட்டையால் செய்தவை என்று உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உண்மைதான். தொடருக்குப் பணம் குறைவு. கப்பல் டாக்டரின் கையில் பளபளக்கும் வைத்தியக் கருவிகள் இருக்கும். அவற்றில் சில, கடையில் வாங்கிய உப்புக் குப்பிகள்! ஆள் கிட்டே போனதும் கதவு தானாகத் திறக்கும். அதைத் திறந்தது எந்திரம் அல்ல. பின்னால் ஒளிந்திருந்த ஆள்தான் இழுத்துத் திறந்தார்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படம் பிடிக்க ஏகப்பட்ட செலவாகும். ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். கப்பலில் நிற்கும் ஆள் ஒளியாக மறைவார். கிரகத்தில் போய்த் தோன்றுவார்! பணம் இல்லாத குறைக்குச் செய்த யுக்திதான், அந்தத் தொடரின் மிகப் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. இல்லாதவன் மூளைக்குத்தான் வேலை அதிகம்!

கல்லுக்குள் தாய்

அட்டைப் பாறையைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், ஒரு பகுதியைப் பார்த்தால் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். 1967-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வந்த பகுதி அது.

ஒரு கிரகத்தில் சுரங்கம் வெட்டுகிறார்கள். திடீரென்று தொழிலாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்லுவது ஒரு விசித்திரப் பிராணி. அதன் உடம்பே கல் போன்றது. பாறையைக் கரைத்துக்கொண்டு, மண்ணில் மண்புழு போவதைப் போல் பாறைக்குள் போகும். 50 பேருக்கு மேல் பலியாகிவிட்டார்கள். "அந்த அரக்கனைக் கொல்லுங்கள்!" என்று தொழிலாளிகள் கூச்சல் போடுகிறார்கள்.

கிர்க்கும் ஸ்பாக்கும் சுரங்கத்துக்குள் தேடிப் போகிறார்கள். பிராணி எதிரே வருகிறது. ஏற்கனவே அதற்கு ஆயுதத்தால் காயம் பட்டிருக்கிறது. சுட்டால் செத்துவிடும். ஆனால் கிர்க் சுடவில்லை. ஸ்பாக் அதன் மேல் கை வைத்து, அதன் மனத்தைத் தன் மனத்தால் அறிகிறார். அவருக்கு அழுகை வருகிறது.

காரணம் என்ன?

சுரங்கத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடந்தன. பயன் இல்லாதவை என்று தொழிலாளிகள் அவற்றை ஆயிரக்கணக்கில் உடைத்துப் போட்டார்கள். அவை கற்கள் அல்ல. முட்டைகள்! அந்தப் பிராணி அரக்கன் அல்ல. தாய்! தன் குஞ்சுகளைக் காக்கத்தான் அது கொன்றது.

உண்மை தெரிந்ததும், ஓங்கிய கைகள் தாழ்ந்துவிடுகின்றன. கப்பல் டாக்டர் சிமென்டு போன்ற கலவையைப் பூசிப் பிராணியின் காயத்தை ஆற்றுகிறார். தம்மைக் கொத்தனார் வேலை செய்ய வைத்துவிட்டார்களே என்று அவருக்குக் கோபம்! முடிவில் தாயும் குஞ்சுகளும் சுரங்கம் தோண்டித் தர, மனிதர்கள் கனிமத்தை எடுத்துக்கொள்ள, இரு தரப்பும் சமாதானம் ஆகிறார்கள்.

அந்தக் கல் பிராணி, ஒரு நடிகர் உள்ளே புகுந்து தவழ்ந்த வெறும் போர்வைதான். கதை பிடித்துக்கொண்டால் போர்வை யார் கண்ணுக்குத் தெரிகிறது?

அய்யலூர்க் காட்டின் பெரிய கண்கள்

வேற்றுக் கிரகத்தவரைப் போன்ற ஒரு ஜீவனைப் பார்க்க, விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. அய்யலூர்க் காட்டிலேயே இருக்கிறது!

அதுதான் தேவாங்கு. முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். மெல்லிய கை, கால்கள். கால் கிலோ எடை இருந்தால் அதிகம். பகல் எல்லாம் தூங்கும். இரவில் கிளைக்குக் கிளை மெல்ல நகரும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சியையும் தின்பதால், குடியானவனுக்கு அது நண்பன்.

ஆனால் அதன் உருவத்தைக் கண்டு மக்கள் பயந்தார்கள். பார்ப்பதே கெட்ட சகுனம் என்றார்கள். மாந்திரீகத்துக்கு உதவும் என்று நம்பி அதைப் பிடித்தவர்களும் உண்டு. டெலிவிஷனில் வந்த கல் பிராணிக்கு நேர்ந்த கதிதான், இந்தச் சிறு பிராணிக்கும் நேர்ந்தது!

நல்ல வேளையாக இங்கேயும் மனிதர்கள் கண் திறந்தார்கள். 2022-ம் ஆண்டு அக்டோபரில், கடவூர் - அய்யலூர்ப் பகுதிக் காடுகளைத் தமிழ்நாடு அரசு தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு. தேவாங்குக்கு என்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுதான்.

பழைய தொடரைப் பிள்ளைகளுடன் பார்க்கும் தாய் தகப்பன்மார், கல் பிராணியின் கதை முடிந்ததும் தேவாங்கின் கதையையும் சொல்லலாம். புத்திமதி தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

முடிந்த பிறகு கிடைத்த வாழ்வு

'ஸ்டார் டிரெக்' தொடர் முதலில் பெரிய வெற்றி பெறவில்லை. இரண்டாவது ஆண்டிலேயே அதை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு எழுந்தது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அதனால் மூன்றாவது ஆண்டும் நடந்தது. 1969-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, 79 பகுதிகளோடு முடிந்தது.

அதற்கு ஏழு வாரங்களுக்குள், ஜூலை 20-ந் தேதி, மனிதன் மெய்யாகவே சந்திரனில் இறங்கினான்!

அதன் பிறகு மறு ஒளிபரப்பில்தான் தொடர் புகழ் பெற்றது. 1976-ல் அமெரிக்கா தன் முதல் விண்வெளி ஓடத்தைக் கட்டி முடித்தபோது, ரசிகர்கள் மறுபடி கடிதம் எழுதினார்கள். ஓடத்துக்கு 'எண்டர்பிரைஸ்' என்றே பெயர் வைக்கப்பட்டது. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர், 2021-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, தமது 90-வது வயதில் மெய்யான ராக்கெட்டில் ஏறி விண்வெளியைத் தொட்டுத் திரும்பினார். இறங்கியதும் அவர் கண் கலங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த 'டெக்'

1976-ம் ஆண்டு இன்னொரு விதத்திலும் முக்கியமானது. பிற்பாடு உலகம் எங்கும் பரவிய வி.எச்.எஸ். வீடியோ கேசட், அந்த ஆண்டுதான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

அதுவரை டெலிவிஷனில் வந்தது வந்ததுதான். தவறவிட்டால் போயிற்று! வீடியோ வந்த பிறகு, பிடித்ததைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வேண்டும்போது பார்க்க முடிந்தது.

நம் ஊரில் அந்தக் கருவியை 'டெக்' என்றே அழைத்தார்கள். அதை விலைக்கு வாங்க எல்லோராலும் முடியுமா? வாடகைக்கு எடுப்பார்கள். டெலிவிஷன் பெட்டி, டெக், மூன்று கேசட்டு எல்லாம் சேர்ந்து வரும். தெருவே கூடி, விடிய விடியப் பார்க்கும்.

டெக் எப்படி வேலை செய்கிறது? நாடாவின் மேல் நுண்ணிய காந்தத் தூள் பூசப்பட்டிருக்கிறது. டெக்குக்குள் ஓர் உருளை வினாடிக்கு 25 தடவை சுழலும். அந்த உருளையின் முனைகள், படத்தைக் காந்தக் கோடுகளாக நாடாவில் எழுதும். பிறகு அந்தக் கோடுகளைப் படித்து, மறுபடி படமாக்கும். தலைமுடியைவிட மெல்லிய நாடாவில் இவ்வளவும் நடக்கிறது!

அழித்தது நிலையம், காத்தது வீடு!

வீட்டில் பதிவு செய்வதன் அருமையை உலகத்துக்குக் காட்டியது இங்கிலாந்து. அங்கே பி.பி.சி. நிலையம், 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானத் தொடரை 1963-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி தொடங்கியது. காலத்தின் ஊடே பயணம் செய்யும் ஒருவரின் கதை இது.

அப்போது வீடியோ நாடா மிகவும் விலை உயர்ந்தது. ஒரு தடவை ஒளிபரப்பியதை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். நாடாவை அழித்துவிட்டு, அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். 1978 வரை இப்படி நடந்தது.

பிறகுதான் பகீர் என்றது! முதல் ஆறு ஆண்டுத் தொடரில் 253 பகுதிகள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை மாயமாகிவிட்டன.

தேடுதல் வேட்டை தொடங்கியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகள் அங்கும் இங்குமாகக் கிடைத்தன. ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் ஜோஸ் நகரில் கிடைத்த 9 பகுதிகள், 2013-ம் ஆண்டு அக்டோபரில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டன. 45 ஆண்டுகளாகக் காணாமல் இருந்தவை அவை! அதன் பிறகும் 97 பகுதிகள் கிடைக்காமல் நின்றன.

ஆனால் ஓர் அதிசயம். காணாமல் போன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் இருக்கிறது! எப்படி? அந்தக் காலத்துச் சிறுவர்கள் சிலர், டெலிவிஷன் பெட்டி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, வீட்டிலேயே ஒலியைப் பதிவு செய்திருந்தார்கள். "என்ன பைத்தியக்கார வேலை!" என்று பெரியவர்கள் நினைத்திருக்கக் கூடும். பெரிய நிலையம் தொலைத்ததைக் காப்பாற்றிக் கொடுத்தது, அந்தப் பைத்தியக்கார வேலைதான்!

தமிழில் வந்த எந்திர நாய்

தூரதர்ஷனும் விஞ்ஞானத் தொடர்களைத் தயாரித்து அளித்தது. 1989-ல் இந்தியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 'இந்திரதனுஷ்' என்ற தொடர்கள் வந்தன. 1998-ல் 'கேப்டன் வியோம்' வந்தது.

தமிழுக்கும் ஒன்று கிடைத்தது. அதுதான் 'என் இனிய இயந்திரா'. எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. பிறகு 1990-களின் முற்பகுதியில் தூரதர்ஷனில் தொடராக வந்தது. ஆனந்தும் சிவரஞ்சனியும் நடித்தார்கள்.

கதையில் நாட்டை ஆள்பவன் ஜீவா என்ற சர்வாதிகாரி. மக்களின் பெயர்கள் எல்லாம் இரண்டே எழுத்து. பிள்ளை பெறுவதற்கும் சர்க்கார் அனுமதி வேண்டும். எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரிடம். கணவன் சிபியைக் காணாமல் தவிக்கிறாள் நிலா. அவளுக்குத் துணையாக வருவது 'ஜீனோ' என்ற எந்திர நாய். புத்தகம் படித்துப் படித்தே அது அறிவை வளர்த்துக்கொள்கிறது!

இதை எழுதிய சுஜாதா வெறும் கற்பனைக்காரர் அல்ல. எஸ்.ரங்கராஜன் என்ற சொந்தப் பெயரில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தவர். மின்னணு ஓட்டுப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவர். 2008-ம் ஆண்டு காலமானார்.

கதை நடக்கும் காலம் 2021, 2022. அந்த ஆண்டுகள் வந்தும் போய்விட்டன! இரண்டு எழுத்துப் பெயர் வரவில்லை. ஜீவாவும் வரவில்லை. ஆனால் படித்துப் படித்தே பேசக் கற்றுக்கொள்ளும் எந்திரம் வந்துவிட்டது. எதிர்காலக் கதை, இறந்தகாலக் கதையாகிவிட்டது. அதனால் அதன் சுவை கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

நாடாவைக் காப்பது எப்படி?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பரணில் கிடக்கும் கேசட்டில் இப்படி ஒரு தொடர் இருக்கலாம். தாத்தா பாட்டி சிரித்துப் பேசும் காட்சி இருக்கலாம். இரண்டும் திரும்பக் கிடைக்காதவை.

நாடாவுக்குப் பெரிய எதிரி ஈரம். காந்தத் தூளை ஒட்டவைக்கும் பசை, ஈரத்தால் இளகிவிடும். நாடா மேல் பூஞ்சணமும் படரும். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளைப் பொடி போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது! நாடாவும் அறுந்துபோகும், டெக்கும் கெடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேசட்டைப் படுக்க வைக்காமல், புத்தகம் போல் நிற்க வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படாத இடம் நல்லது. காந்தம் உள்ள ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைக்கக் கூடாது.

கேசட்டின் முதுகில், ஓர் ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன் மேல் யாரும் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. இந்தச் சிறு துண்டை ஒடிக்காததால் எத்தனையோ நாடாக்களில் பழையது அழிந்து, புதியது ஏறியிருக்கிறது!

எல்லாவற்றையும்விட முக்கியம், நாடாவில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரதி எடுப்பதுதான். ஒன்று போதாது. இரண்டு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். டெக் தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனியும் 2016-ம் ஆண்டு ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள டெக், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறது.

கதையில் வரும் ஆகாயக் கப்பலுக்கு 23-ம் நூற்றாண்டு வரை நேரம் இருக்கிறது. பரணில் இருக்கும் நாடாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை!